போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கா: உள்ளூர் கொயரில் சேர்ந்து பாட – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்காகவோ படிப்புக்காகவோ காபரோனி (போட்ஸ்வானா), ஜோகன்னஸ்பர்க் (தென்னாப்பிரிக்கா), மசேரு (லெசோத்தோ) பக்கம் வந்து ஓரிரு ஆண்டாவது தங்கப்போகிற தமிழர்களுக்கான பக்கம் இது. கொயர் என்றால் பல குரலாகப் பிரிந்து சேர்ந்து பாடும் குழு. பதில்கள் பெரும்பாலும் போட்ஸ்வானாவை வைத்தே எழுதப்பட்டவை. தென்னாப்பிரிக்காவிலும் லெசோத்தோவிலும் நடைமுறை மாறும் இடங்களைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

எந்தெந்த வகைக் கொயர்கள் இருக்கின்றன? எதில் எளிதாக இடம் கிடைக்கும்?

சபைக் கொயர்கள்தான் அதிகம். அடுத்து, எந்தச் சபையையும் சேராத ஊர்க் கொயர்கள். இவை போட்டிகளுக்காகவே உயிர் வாழ்பவை. போலீஸ், சிறைத்துறை, சுரங்கம், வங்கி என்று வேலையிடக் கொயர்களும் உண்டு. பல்கலைக்கழகக் கொயர்கள் தனி. பெருநகரங்களில் ஆர்க்கெஸ்ட்ராவோடு பாடும் பெரிய குழுக்கள் இருக்கின்றன: ஜோகன்னஸ்பர்க்கில் சிம்ஃபனி கொயர், கேப் டவுனில் ஃபில்ஹார்மோனியா கொயர். வாத்தியமே இல்லாமல் கைத்தட்டும் கால்தட்டுமாகப் பாடும் "க்ளாப் அண்ட் டேப்" குழுக்களை போட்ஸ்வானாவில் எங்கும் கேட்கலாம்.

புதியவருக்கு எளிது சபைக் கொயர் அல்லது ஊர்க் கொயர். ஆர்க்கெஸ்ட்ராக் குழுக்களில் ஆடிஷன் உண்டு, ஐந்து கோட்டு நோட்டேஷன் படிக்கத் தெரிய வேண்டும். அங்கே பாடுவது லண்டனில் பாடுவது மாதிரிதான் இருக்கும். இந்த மண்ணின் பாட்டு வேண்டுமென்றால் ஸெட்ஸ்வானா, ஸெஸோத்தோ, ஜூலு போன்ற உள்ளூர் மொழிகளில் பாடும் குழுவைத் தேடுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இணையத்தில் தேடிப் பயனில்லை; பெரும்பாலான கொயர்களுக்கு வாட்ஸாப் குழு மட்டுமே உண்டு. அலுவலகத்தில் கேளுங்கள். "இங்கே கொயர் ஏதாவது தெரியுமா?" என்று கேட்காமல், "நீங்கள் எந்தக் கொயரில் பாடுகிறீர்கள்?" என்றே கேட்கலாம். வாசல் காவலர், டிரைவர், கணக்குப் பிரிவுப் பெண் என யாராவது ஒருவர் பாடுபவராக இருப்பார்.

நேராகப் போய்க் கதவைத் தட்டுவதைவிட ஓர் உறுப்பினர் அழைத்துப்போவதே முறை. அவர் உங்களை எல்லோர் முன்னாலும் நிறுத்தி அறிமுகம் செய்வார். அப்போது பெயர், ஊர், எங்கே வேலை, பாட ஆசை என்று நான்கு வாக்கியம் எழுந்து நின்று சொல்ல வேண்டும். முதல் வாக்கியம் வணக்கமாக இருக்கட்டும்: போட்ஸ்வானாவில் "டுமேலாங்". அது பலருக்குச் சொல்வது; ஒருவருக்கென்றால் "டுமேலா".

ஆடிஷன் வைப்பார்களா?

சபைக் கொயரில் இல்லை. ஊர்க் கொயரில் கொயர் மாஸ்டர் ஸ்கேல் ஒன்றைப் பாடச் சொல்லி, எந்தக் குரல் என்று பார்த்துக்கொள்வார். (அவரை எல்லோரும் "கண்டக்டர்" என்பார்கள். டிக்கெட் கொடுக்க மாட்டார்.) உண்மையான தேர்வு வேறு: மூன்று மாதம் விடாமல் வருகிறீர்களா என்பதுதான். சுமாரான குரல் வாரம் தவறாமல் வந்தால் முன் வரிசைக்குப் போகும். நல்ல குரல் நினைத்தபோது வந்தால் கச்சேரி நாளில் பின்னால்தான் நிற்கும்.

மூத்தவர்களை எப்படிக் கூப்பிடுவது?

வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். போட்ஸ்வானாவில் ஆணை "ர்ரா", பெண்ணை "ம்மா". வணக்கத்தோடு சேர்த்து "டுமேலா ம்மா". லெசோத்தோவில் ஆணுக்கு "ந்டாடே", பெண்ணுக்கு "ம்மே". தென்னாப்பிரிக்காவில் ஜூலு, கோஸா பேசுபவர்களிடையே "மாமா", "பாபா" அல்லது "டாடா". அக்கா வயதினருக்கு "ஸிஸி", அண்ணன் வயதினருக்கு "பூட்டி". அங்கே மாமா என்றால் அம்மா. தமிழ்க் காதுக்கு முதல் வாரம் கொஞ்சம் தடுமாறும்.

பயிற்சிக்குப் போனதும் எல்லோருக்கும் பொதுவாகத் தலையாட்டிவிட்டு உட்காராமல், ஒவ்வொருவராகக் கை கொடுங்கள். வலக்கை நீட்டும்போது இடக்கை வலது முழங்கையைத் தொட்டிருப்பது மரியாதை. பெரியவர் பாட்டுத் தாள் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்குங்கள். இது நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தாளில் ஐந்து கோட்டு நோட்டேஷன் இல்லை, எழுத்துகள்தான் இருக்கின்றன. எப்படிப் படிப்பது?

அதுதான் டானிக் ஸோல்ஃபா. இங்கிலாந்தில் சாரா குளோவர் தொடங்கி, ஜான் கர்வென் 19ஆம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்திய முறை. மிஷனரிகள் கொண்டுவந்தார்கள். இங்கிலாந்து கிட்டத்தட்ட மறந்துவிட்டது. இங்கே இன்னமும் உயிரோடு இருக்கிறது. சாதாரணத் தட்டச்சுப் பொறியிலேயே நாலு குரல் பாட்டையும் அடித்துவிடலாம் என்பது இது நிலைத்ததற்குப் பெரிய காரணம்.

ஏழு சுரம்: டோ, ரே, மி, ஃபா, ஸோ, லா, டீ. தாளில் ஒவ்வொன்றின் முதல் ஆங்கில எழுத்து மட்டும் சின்னதாக இருக்கும். டோ என்பது நம் சட்ஜம் மாதிரி. எந்தக் கட்டையிலும் வைத்துக்கொள்ளலாம். தாளின் மேல் மூலையில் "டோ என்பது ஜி" என்பதுபோல் எழுதியிருக்கும். மைனர் பாட்டென்றால் (லாவை ஆதாரமாக வைத்த பாட்டு) லா எந்தக் கட்டை என்று கொடுத்திருப்பார்கள்.

தாளக்குறி இப்படி: நெட்டைக் கோட்டுக்கு அடுத்து வருவது அழுத்தமான அடி. முக்காற்புள்ளி அடுத்த அடியைக் காட்டும். முற்றுப்புள்ளி அடியை இரண்டாக உடைக்கும். காற்புள்ளி காலாக உடைக்கும். சிறு கிடைக்கோடு இருந்தால் முந்தின சுரத்தை நீட்ட வேண்டும். ஒன்றுமே இல்லாமல் வெற்றிடம் இருந்தால் மௌனம். புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்: வெற்றிடத்தை நீட்டலாக எண்ணி, எல்லோரும் நிறுத்திய பிறகு தனியாக ஒலித்துக்கொண்டிருப்பார்கள். முதல் வாரமே வெற்றிடங்களைப் பென்சிலால் வட்டமிட்டுவிடுங்கள்.

எழுத்தின் மேல் ஓரத்தில் சிறு கீற்று இருந்தால் மேல் ஸ்தாயி, கீழ் ஓரத்தில் இருந்தால் கீழ் ஸ்தாயி. நகல் எடுத்து நகல் எடுத்து மங்கிய தாளில் முதலில் காணாமல் போவது இந்தக் கீற்றுதான். சந்தேகம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் தாளைப் பாருங்கள்.

அரைச்சுரங்களுக்குத் தனிப்பெயர். ஃபா அரைப்படி ஏறினால் ஃபே: நம் பிரதி மத்யமம். டீ அரைப்படி இறங்கினால் எழுதுவது டா, சொல்வது "டாவ்" மாதிரி: கைசிக நிஷாதம். ஸோ ஏறினால் ஸே. மைனர் பாட்டுகளில் அடிக்கடி வரும்.

பாட்டின் நடுவே டோவே இடம் மாறுவதும் உண்டு. அந்த இடத்தில் ஒரு சுரத்தின் இடப்பக்கம் மேலே இன்னொரு சின்ன எழுத்து ஒட்டியிருக்கும். சின்னது பழைய பெயர், பெரியது புதிய பெயர், ஒலி ஒன்றே. சின்ன ஸோவும் பெரிய டோவும் சேர்ந்திருந்தால், இதுவரை பஞ்சமமாக இருந்ததை இனிச் சட்ஜமாக நினைத்துப் பாட வேண்டும். கிரகபேதம் கேட்டுப் பழகியவருக்கு ஒரு நிமிட வேலை.

கர்நாடக சங்கீதம் கற்றிருக்கிறேன். உதவுமா, இடைஞ்சலா?

இரண்டும். சரளி வரிசை பாடியவருக்கு ஸோல்ஃபா பாதி வந்த மாதிரி. டோ முதல் டீ வரை சங்கராபரணம்தான். தாளம் போட்டு எண்ணும் பழக்கமும் கை கொடுக்கும்.

இடைஞ்சல் கமகத்தில். நாற்பது பேர் ஒரு சுரத்தில் நிற்கும்போது ஒரே ஒரு குரல் அசைந்தாலும் கூட்டுச் சுரம் கலங்கும். மி, டீ இரண்டும் அசைக்காமல் நேராக நிற்க வேண்டும். இன்னொன்று, தம்புராவோ சுருதிப் பெட்டியோ பின்னால் ஓடாது. சட்ஜம் எங்கே என்று காது தேடும். அதை பேஸ் (ஆண்களின் தாழ்ந்த குரல்) பாடுபவர்களிடம் தேடுங்கள். வரி முடியும் இடங்களில் ஃபா, ஸோ, டோ என்று அவர்கள் நடப்பதைப் பிடித்துக்கொண்டால் நீங்கள் தொலைய மாட்டீர்கள்.

எந்தக் குரலில் நிற்பது?

பெண்களுக்கு சோப்ரானோ (உயர்ந்தது) அல்லது ஆல்ட்டோ (தாழ்ந்தது), ஆண்களுக்கு டெனர் (உயர்ந்தது) அல்லது பேஸ் (தாழ்ந்தது). ஆண்கள் குறைவான குழுவில் தாழ்ந்த குரலுள்ள பெண்கள் டெனர் பாடுவது சாதாரணம். தமிழ்நாட்டுப் பெண்கள் பலரும் நாலரை, ஐந்து கட்டைச் சுருதியில் மார்புக் குரலில் பாடிப் பழகியவர்கள். அவர்களைச் சோப்ரானோவில் நிறுத்தினால் மேல் ஸ்தாயியில் கத்த நேரும். ஆல்ட்டோ பொருந்தும், ஆனால் ஆல்ட்டோவுக்கு மெட்டு கிடையாது. ஒரே மூன்று சுரத்தில் சுற்றுவதாக இருக்கும். காது தானாக சோப்ரானோ மெட்டுக்கு ஓடிவிடுவதுதான் முதல் இரண்டு மாதத்தின் பெரிய தொல்லை. ஆல்ட்டோ வரிசையின் நடுவில் நில்லுங்கள். சோப்ரானோவை ஒட்டிய ஓரத்தில் வேண்டாம்.

கொயர் மாஸ்டர் ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்புவார். ஒரு காதில் மட்டும் இயர்ஃபோன் வைத்து, மற்றக் காதால் உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டே சேர்ந்து பாடுங்கள். மனப்பாடமானதும் *சோப்ரானோ* வாய்ஸ் நோட்டை ஓட விட்டு அதன்மேல் உங்கள் ஆல்ட்டோவைப் பாடிப் பாருங்கள். அது வந்துவிட்டால் பாட்டு வந்துவிட்டது.

மொழி தெரியாதே?

அர்த்தம் கேட்டு எழுதிக்கொள்ளலாம். உச்சரிப்பு அப்படி வராது. தமிழர்களுக்கு வரும் சிக்கல்கள் குறிப்பானவை.

ஸெட்ஸ்வானாவில் சாதாரண ப, ட, க ஒலிகள் நம் சொல் முதலில் வருவதுபோல மூச்சில்லாதவை. "பூலா" (மழை, நாட்டின் நாணயமும் அதுவே) நமக்குச் சுலபம். ஆனால் சொல்லின் நடுவில் வந்தால் நம் நாக்கு பழக்கத்தில் மெலிந்து "லாபா" என்பதில் "பா"வை "அபாயம்" என்பதில் வருகிற மாதிரி ஆக்கிவிடும். அங்கும் "அப்பா"வின் ப்பாவைப் போலக் கெட்டியாக, ஆனால் இரட்டிக்காமல் சொல்ல வேண்டும்.

எழுத்தோடு ஆங்கில ஹெச் சேர்ந்தால் மூச்சு வெடிக்க வேண்டும். உள்ளங்கையை வாய்முன் வைத்துப் பாருங்கள், காற்று படணும். இதில் தவறினால் சொல்லே மாறும்: "ட்ஸெலா" என்றால் வழி; அதையே மூச்சோடு சொன்னால் வாழ்வது. பிஹெச் வந்தால் ஃப அல்ல, மூச்சோடு கூடிய ப. டிஹெச் வந்தால் நம் த அல்ல, மூச்சோடு கூடிய ட.

ஆங்கில ஜி எழுத்து தொண்டையில் காறும் ஒரு ஹ். "காபரோனி" என்று நாம் எழுதும் ஊரை அங்கே "ஹாபொரோனே" என்று தொண்டையால் சொல்வார்கள். இரவு முழுக்கப் பாட வேண்டியிருந்தால் இதை மெதுவாகச் சொல்லுங்கள். அழுத்தினால் தொண்டை புண்ணாகும்.

ஜூலு, கோஸா பாட்டுகளில் சொற்களுக்கு நடுவே ஒற்றை மேற்கோள்குறி ஒன்று தொங்கும். முதற்சொல்லின் கடைசி உயிரை விழுங்கி அடுத்த சொல்லோடு சேர்க்கச் சொல்லும் குறி அது. "காசு இல்லை" நம் வாயில் "காசில்லை" ஆகிற அதே வேலை. விழுங்காமல் முழுதாகச் சொன்னால் ஓர் அசை மிஞ்சி, தாளத்தில் உதைக்கும்.

க்ளிக் ஒலி வருமா?

வரும். ஜூலு, கோஸா மொழிகளில் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் இவை. மூன்றில் இரண்டு உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. பரிதாபப்பட்டு "ச்சொ ச்சொ" கொட்டும்போது நாக்கு முன்பல்லில் ஒட்டிப் பிரிகிறதே, அதுதான் ஆங்கில ஸி எழுத்தின் க்ளிக். மாட்டை ஓட்டும்போது கடைவாய்ப் பக்கம் எழுப்பும் ஒலிதான் எக்ஸ். "கோஸா" என்ற பெயரே அந்த ஒலியில்தான் தொடங்குகிறது. மூன்றாவது க்யூ: நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சட்டென்று கீழே விட்டால் சீசா மூடி திறக்கிற மாதிரி "டொக்".

ஒலி எழுப்புவது பெரிதல்ல. அதற்குப் பின் உயிரெழுத்தை இடைவெளி இல்லாமல் ஒட்டுவதுதான் பயிற்சி. முதலில் க்ளிக்கோடு "ஆ" மட்டும் சேர்த்து, தினம் ஐம்பது முறை, மெதுவாக. வராத வரைக்கும் பாட்டில் அந்த இடத்தில் க என்று சொல்லிக் கடந்துவிடுங்கள். தாளம் தப்பிய க்ளிக் எல்லோர் காதிலும் விழும்.

தாளே இல்லாமல் யாரோ பாட்டைத் தொடங்கிவிடுகிறார்கள். எப்போது சேர்வது?

பயிற்சியின் பாதி தாளில், மீதி இப்படித்தான். ஒருவர் முதல் வரியை எடுப்பார். அந்த வரி முடிவதற்குள்ளேயே மற்றவர்கள் நாலு குரலாகப் பிரிந்து விழுவார்கள். அவர்கள் வரி முடிவதற்குள் எடுத்தவர் அடுத்ததைத் தொடங்கிவிடுவார். நம் ஊர் பஜனையில் முன்பாட்டுக்காரர் முடித்ததும் பின்பாட்டு வருமே, அந்த ஒழுங்கான இடைவெளி இங்கே கிடையாது. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

முதல் சுற்று வாயைத் திறக்காதீர்கள், காலை மட்டும் அசையுங்கள். இரண்டாம் சுற்றில் வரியின் கடைசிச் சொல்லில் மட்டும் சேருங்கள். மூன்றில் பேஸோ உங்கள் குரலோ எங்கே போகிறது என்று தெரிந்திருக்கும். பாட்டுகள் நாலைந்து வரிதான். பத்துச் சுற்றாவது போகும். அவசரமே இல்லை.

எடுத்தவர் உயரமாக எடுத்துவிட்டால் சோப்ரானோ திணறும். யாரும் நிறுத்த மாட்டார்கள். அடுத்த சுற்றில் இன்னொருவர் தாழ்த்தி எடுப்பார். அதைச் செய்பவர் நீங்களாக இருக்க வேண்டாம், முதல் வருடமாவது.

ஆடவும் வேண்டுமா?

ஆம். எழுதிய பாட்டுக்கு அசையாமல் நிற்கலாம். மற்றதற்கெல்லாம் கால் நகரும். கால், கை, பாட்டு என்ற வரிசையில் கற்றுக்கொள்ளுங்கள். பல பாட்டுகளில் குரல் மூன்று மூன்றாக ஓட, கால் இரண்டில் நடக்கும். திசிரத்தைச் சதுசிரத்தின் மேல் வைத்துப் பழகியவர்களுக்குப் புரியும். பாட்டைப் பார்த்துக் காலை வைத்தால் கட்டாயம் தப்பும். முன்னால் நிற்பவரின் தோளைப் பாருங்கள். காலடி தோளில் தெரியும்.

உச்சக்கட்டத்தில் பெண்கள் எழுப்பும் ஒலியைக் கேட்டதும் தமிழர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். நம் குலவையேதான், ஸெட்ஸ்வானாவில் "மொஹொலொக்வானே". தெரிந்தவர்கள் தாராளமாகச் சேரலாம், வரவேற்பு நிச்சயம்.

பாட்டு முடியும்போது சுருதி இறங்கிவிடுகிறது. ஏன்?

துணைக்கு வாத்தியம் இல்லாததால். இறங்கும்போது படியைப் பெரிதாகவும் ஏறும்போது சின்னதாகவும் வைப்பது, ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும்போது தளர்வது, வரிக்கடைசியில் மூச்சு தீர்வது, இவைதான் காரணங்கள். வேகப் பாட்டில் இதற்கு எதிராக உற்சாகத்தில் ஏறிவிடும்.

நீங்கள் செய்யக்கூடியது: மி, டீ இரண்டையும் சற்று மேலே நினைப்பது; பக்கத்தில் இருப்பவர் மூச்சு விடும் இடத்தில் நீங்கள் விடாமல் மாற்றி விடுவது. ஆனால் குழு முழுதும் இறங்கிவிட்டால் கூடவே இறங்குங்கள். பழைய சுருதியைத் தனியாகப் பிடித்து நிற்பவர்தான் அபசுரம்.

நான் கிறிஸ்தவர் இல்லை. சேரலாமா?

ஊர்க் கொயரிலும் வேலையிடக் கொயரிலும் தடையில்லை. ஆனால் பாட்டுகளில் பெரும்பகுதி கிறிஸ்தவப் பாட்டாகவே இருக்கும். பயிற்சி ஜெபத்தில் தொடங்கி ஜெபத்தில் முடியும். தலை குனிந்து நின்றால் போதும். இதில் மனம் ஒப்பாதென்றால் முன்கூட்டியே வேறு குழு பார்ப்பது நல்லது. பாதியில் விலகினால் வருத்தம்.

சபைக் கொயரில் பாட அனுமதிப்பார்கள். நற்கருணை வாங்காமல் இடத்திலேயே இருந்துவிடுங்கள். சில சபைகளில் உறுப்பினர் மட்டுமே பாடலாம், கேட்டுக்கொள்ளுங்கள். சிஎஸ்ஐ பின்னணி உள்ளவர்களுக்கு ஒரு வசதி: ஞானப்பாட்டு மெட்டுகள் பல அப்படியே ஸெட்ஸ்வானாச் சொற்களோடு காதில் விழும்.

இறுதிச் சடங்கில் பாடக் கூப்பிடுகிறார்கள். போக வேண்டுமா?

போங்கள். கச்சேரிக்கு வராததை மன்னிப்பார்கள். உறுப்பினர் வீட்டுச் சாவுக்கு வராததை மறக்க மாட்டார்கள். நம் ஊர் வழக்கமும் இதுதானே.

போட்ஸ்வானாவில் சாவு நடந்த வாரம் முழுதும் மாலையில் அந்த வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். வெள்ளி இரவு கண்விழிப்பு. சனிக்கிழமை விடியற்காலையில் அடக்கம். எல்லா நாளும் முடியாதென்றால் ஒரு மாலையும் சனிக்கிழமைக் காலையும் போதும். பாட்டுத் தாள் இருக்காது, பட்டியலும் இருக்காது. பேச்சு நீண்டால் யாராவது பாட்டை எடுத்து அதை முடித்துவைப்பார்கள். இது அவமரியாதை அல்ல, ஏற்கப்பட்ட வழி. குழியை மூட ஆண்கள் மாறி மாறி மண்வெட்டி பிடிப்பார்கள். மண் நிரம்பும் வரை பாட்டு நிற்கக்கூடாது, அதுதான் கொயரின் வேலை. அரை மணிக்கு மேலும் ஆகலாம். தொடக்கத்திலேயே முழுக்குரலைச் செலவழித்துவிடாதீர்கள்.

பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழே இறங்கும் பாவாடை, தலையில் துணி, தோளில் சால்வை. கால்சட்டை வேண்டாம். ஆண்களுக்குக் கோட்டு. ஜூன், ஜூலையில் அந்த நேரத்துக் குளிர் சுடும். உள்ளே கம்பளி போடுங்கள். திரும்பியதும் வாசலில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். சாப்பாடு மாட்டிறைச்சியும் இடித்த சோளமும். சைவம் என்றால் சோளக் களியும் கோஸும் கிடைக்கும். சத்தமில்லாமல் அதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சீருடை?

கருப்புப் பாவாடை, வெள்ளைச் சட்டை எங்கும் அடிப்படை. விசேஷத்துக்கு லெடெய்ஸி துணி எடுப்பார்கள். தென்னாப்பிரிக்காவில் ஷ்வேஷ்வே என்பது. நீலம், சாக்லெட், சிவப்பில் நுண்ணிய கோலமிட்ட பருத்தி. அகலம் 90 செ.மீ.தான், ஆகவே தையல்காரரைக் கேட்டு மீட்டரைக் கூட்டி வாங்குங்கள். புதுத் துணி கஞ்சியால் அட்டை மாதிரி விறைப்பாக இருக்கும். துவைத்தால் மெத்தென்று ஆகும், சுருங்கவும் செய்யும். தண்ணீரில் போட்டு உலர்த்தியபின்தான் வெட்ட வேண்டும். வெட்டித் தைத்துவிட்டுத் துவைத்தால் அடுத்த கச்சேரிக்குப் போட முடியாது.

மெத்தடிஸ்ட் சபைப் பெண்கள் அணியும் சிவப்புச் சட்டை, வெள்ளைக் காலர், கருப்புப் பாவாடை, வெள்ளைத் தொப்பி கொயர் உடை அல்ல. மகளிர் சங்கத்தில் முறைப்படி சேர்க்கப்பட்டவர்களுக்கு மட்டும் உரியது. கடையில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கிவிடாதீர்கள்.

எவ்வளவு செலவாகும்?

மாதச் சந்தா, சீருடை, பயண பஸ், துக்க வீட்டுக்கு வசூல். சந்தா சிறியது, பயணம்தான் பெரியது. ஆண்டுக்கு எத்தனை பயணம் என்று பொருளாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். உறுப்பினர்கள் தங்களுக்குள் "மொட்ஷெலோ" நடத்துவார்கள். நம் சீட்டேதான். சேர்வது கட்டாயமில்லை. சேர்ந்தால் உங்கள் முறை வந்து பணம் எடுத்த பிறகும் கடைசி மாதம்வரை நாட்டில் இருப்பீர்களா என்று யோசித்துச் சேருங்கள்.

குரலுக்கு இந்த ஊர்க் காற்று ஒத்துக்கொள்ளுமா?

ஜோகன்னஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம், ஏற்காட்டைவிட மேலே. முதல் சில வாரம் நீண்ட வரிகளில் மூச்சு முந்திக்கொண்டு தீரும், பிறகு பழகிவிடும். காபரோனி ஏறத்தாழ 1,000 மீட்டர்தான். அங்கே சிக்கல் வறட்சியும் ஆகஸ்டுப் புழுதியும். பயிற்சிக்கு ஒரு மணி முன்பிருந்தே தண்ணீர் குடியுங்கள். பாடும்போது குடிப்பது தொண்டையை நனைக்க உதவும், குரல்நாணுக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

பயிற்சி முடிந்து வீடு திரும்புவது?

வழக்கமான பயிற்சி சனி, ஞாயிறு பிற்பகலில். போட்டி நெருங்கினால் வாரநாள் மாலையிலும். இரவானால் கோம்பி வண்டிகள் (ஷேர் மினிபஸ்கள்) குறைந்துவிடும். போகும்போதே திரும்பும் வழியைப் பேசி வையுங்கள். கார் வைத்திருப்பவர் மற்றவர்களை இறக்கிவிடுவார் என்பது எழுதாத விதி. பெட்ரோலுக்குப் பங்கு கொடுங்கள். உங்களிடம் கார் இருந்தால் நீங்கள்தான் அந்த டிரைவர். டிசம்பரில் எல்லோரும் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள், பயிற்சி இருக்காது.

எல்லை தாண்டிப் பாடப் போகிறார்கள். நானும் போகலாமா?

இங்கேதான் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்கள் மாட்டுவது. குழுவில் மற்றவர்களுக்கு போட்ஸ்வானாவிலிருந்து தென்னாப்பிரிக்கா போக விசா வேண்டாம். ஆகவே யாருக்கும் அது நினைவில் இருக்காது. உங்களுக்கு வேண்டும். தேதி தெரிந்த அன்றே விண்ணப்பியுங்கள். திரும்பி உள்ளே வரவும் உங்கள் அனுமதி செல்லுமா என்று பாருங்கள். இல்லையென்றால் பஸ் உங்களுக்காக எல்லையில் நிற்கும், அல்லது நிற்காது. லெசோத்தோவில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்; அந்த நாட்டின் நாலு பக்கமும் தென்னாப்பிரிக்காதான். பிள்ளைகளை அழைத்துப்போனால் பிறப்புச் சான்றிதழும் வராத பெற்றோரின் சம்மதக் கடிதமும் கையில் இருக்கட்டும்.

பணம் வாங்கிப் பாடுவது வேறு விஷயம். வேலை அனுமதி ஒரு முதலாளிக்கு மட்டும் தரப்பட்டது; கச்சேரிப் பணத்தில் பங்கு கொடுத்தால் குழு நிதிக்கே விட்டுவிடுங்கள்.

தேசிய கீதம் தெரிந்திருக்க வேண்டுமா?

ஆம், பெரும்பாலான விழாக்கள் அதில்தான் தொடங்கும். போட்ஸ்வானாவின் கீதம் கே. டி. மொட்ஸெட்டே இயற்றியது, 1966இல் நாடு விடுதலை பெற்றபோது ஏற்கப்பட்டது. ஒரே மொழி, எளிது. தென்னாப்பிரிக்காவின் கீதம் ஈனோக் ஸொன்டோங்கா 1897இல் இயற்றிய பாட்டையும் பழைய ஆஃப்ரிகான்ஸ் கீதத்தையும் இணைத்து 1997இல் உருவானது. கோஸா, ஜூலு, ஸெஸோத்தோ, ஆஃப்ரிகான்ஸ், ஆங்கிலம் என ஐந்து மொழி. ஆஃப்ரிகான்ஸ் தொடங்கும் இடத்தில் சட்ஜமே மாறும். வாத்தியம் இல்லாமல் பாடும்போது குழுக்கள் சறுக்குவது அங்கேதான். அந்த ஒரு தாவலை மட்டும் இருபது முறை தனியாகப் பாடுங்கள்.

ரெக்கார்ட் செய்யலாமா?

பயிற்சியை, கொயர் மாஸ்டரைக் கேட்டுவிட்டு. போட்டிப் பாட்டை வெளியே பகிரவே கூடாது. அடக்கத்தில் ஃபோனை எடுக்காதீர்கள்.

டர்பனில் இத்தனை தமிழர்கள் இருக்கிறார்களே, அவர்களுடன் பாடலாமே?

பாடலாம். 1860 முதல் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். வீட்டுமொழி இப்போது பெரும்பாலும் ஆங்கிலம். கோயில்களில் தமிழ்ப் பாட்டு உண்டு. ஆனால் அது பஜனை மரபு, இந்தப் பக்கத்தின் நாலு குரல் கொயர் அல்ல.

"உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று சொல்லிக்கொடு" என்கிறார்கள். எதைக் கொடுப்பது?

கேட்பார்கள், முதல் ஆண்டுக்குள்ளேயே. சங்கராபரணம் அல்லது மோகனத்தில் அமைந்த, நாலு வரிக்கு மேல் போகாத, பின்பாட்டு உள்ள பாட்டாக எடுங்கள். மோகனம் அவர்களுக்கு டோ, ரே, மி, ஸோ, லா, உடனே பிடித்துக்கொள்வார்கள். மாயாமாளவகௌளை மாதிரி இடைவெளி பெரிய ராகத்தில் அவர்களின் ஒத்திசைவு உட்காராது. கமகத்தைக் களைந்து வெறும் சுரமாகப் பாடிக் காட்டுங்கள். கீழ்க்குரல்களை நீங்கள் அமைக்கத் தேவையில்லை, இரண்டாவது சுற்றில் அவர்களே போட்டுவிடுவார்கள்.

சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதும்போதுதான் விபத்து நடக்கும். நம் வழக்கப்படி "த"வுக்கு டிஹெச் போட்டால் மூச்சு வெடிக்கும் ட வரும். டி மட்டும் போடுங்கள். "கா"வுக்கு ஜி போட்டால் ஸெட்ஸ்வானாக்காரர்கள் தொண்டையைக் காறுவார்கள், கே போடுங்கள். ஜூலு, கோஸா பேசுபவர்களுக்கான தாளில் ஸி, க்யூ, எக்ஸ் மூன்றும் வரவே கூடாது. வந்தால் பாட்டின் நடுவே க்ளிக் விழும். நெடிலுக்கு உயிரெழுத்தை இரண்டு முறை எழுதுங்கள். அவர்கள் பழக்கத்தில் கடைசிக்கு முந்தின அசைதான் நீளும், நம் குறில் நெடிலாகிவிடும். ழகரத்தை விளக்கப் போனால் அன்றைய பயிற்சி அதிலேயே முடிந்துவிடும், ல போதும்.